கிளி யார் பக்கம்

கிளி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஊசியம்மாதான். அவள் வீட்டுக்காரரான தையல்காரர், "நமக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்?" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தார். அவள் முறைத்ததும் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கிளி அவருடையது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதைவிட அவளுக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயம் வேறு கிடையாது.

ஊசியம்மா என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். லேபில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. நரம்பு தெரியாத குண்டுக் கையானாலும் சரி, வற்றிப்போன கிழட்டுக் கையானாலும் சரி, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். குழந்தைகள் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஒரு முறை உண்டு. எதிராளியை யோசிக்க விடக்கூடாது. லபக்கென்று பிடித்து, சட்டென்று குத்தி, பயம் வந்து சேர்வதற்குள் வேலையை முடித்துவிடவேண்டும். குழந்தை வாயைத் திறந்து அழ ஆரம்பிக்கும்போது அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். தாய்மார்கள் மனசுக்குள் நன்றி சொல்வார்கள். குழந்தைகள் அவளைத் தெருவில் கண்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

வீட்டில் இருவருக்கும் ஊசிதான் சோறு போட்டது. ஆனால் தையல்காரரின் ஊசியைக் கண்டு யாரும் ஓடியதில்லை. முன்னறையில் ஜன்னலோரம் அவருடைய மெஷின். காலையில் அதன்முன் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை அங்கேதான். பள்ளிக்கூட யூனிபார்ம், பேன்ட் ஓரம் மடிப்பது, பழைய சட்டைக்குக் காலர் திருப்பிப் போடுவது என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அவள் விடிவதற்கு முன்னாலேயே லேபுக்குக் கிளம்பிவிடுவாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் பசியோடு காத்திருப்பார்களே.

அதனால் அவர்களுடைய ஒரே மகள் வளர்ந்ததெல்லாம் அந்த மெஷின் காலடியில். விழித்தால் அப்பா, விழுந்தால் அப்பா. இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போன் வரும். ஊசியம்மா எடுத்து, "சாப்பிட்டியா? உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "ம், நல்லாருக்கேம்மா. அப்பாகிட்ட குடு" என்பாள் மகள். அதற்கப்புறம் முன்னறையிலிருந்து ஒரே சிரிப்புச் சத்தமாகக் கேட்கும். ஊசியம்மா அடுப்படியில் நின்று, ஏற்கெனவே துடைத்த மேடையை இன்னொரு தடவை துடைப்பாள்.

ஆகவேதான் கிளி. இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது முதலில் தன்னிடம் வரவேண்டும். தன் குரல் கேட்டதும் தலையைத் தூக்கவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான், அதில் பேராசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பறவை வளர்த்து விற்கிறவர் கூண்டிலேயே பொரித்த குஞ்சு ஒன்றைக் கொடுத்தார். பச்சை உடம்பு, சாம்பல் கன்னம், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. வால் இன்னும் முழுசாக வளரவில்லை. "இப்பத்தான் தானா கொத்திச் சாப்பிடப் பழகியிருக்கு. புது இடம், பயப்படும். கொஞ்ச நாளைக்கு யாரும் கையை விடாதீங்க. பக்கத்துல சும்மா இருங்க, அதுவா வரட்டும்" என்றார் அவர். ஊசியம்மா தலையை ஆட்டினாள். 'எத்தனை குழந்தைங்களைப் பாத்திருக்கேன், எனக்கே சொல்லித் தர்றாரு' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

கூண்டை முன்னறையில் வைத்தாள். வெளிச்சம் அங்கேதான் இருந்தது. பின்பக்கம் சுவர் இருக்கும்படி வைத்தாள். உட்காரக் கரடுமுரடான குச்சி, தண்ணீருக்கு ஒன்று தினைக்கு ஒன்று என்று கிண்ணங்கள், நீளமாக நறுக்கிய ஆப்பிள். எதிலும் குறை வைக்கவில்லை. அன்று சாயங்காலமே லேபில் செய்கிற மாதிரி கையை ஸ்பிரிட் விட்டுத் தேய்த்துத் துடைத்தாள். கதவைத் திறந்தாள். குஞ்சு அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து லபக்கென்று பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? பயப்படறதுக்குள்ள புடிச்சிட்டா பயமே இருக்காது" என்று கணவரிடம் சொல்லி முடிப்பதற்குள் குஞ்சு வீறிட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையைப் பிடித்துக் கடித்தது. அவள் கையை உதற, அது பறந்து போய்த் திரைச்சீலையில் மோதிக் கீழே விழுந்தது.

அவள் அசரவில்லை. மறுநாளும் பிடித்தாள், அதற்கு மறுநாளும். "பழகணுமில்ல" என்பாள். கிளியும் நன்றாகவே பழகிக்கொண்டது. ஸ்பிரிட் வாடை வந்தாலே கூண்டின் கோடி மூலையில் போய் ஒட்டிக்கொள்ளப் பழகிக்கொண்டது.

தையல்காரர் ஒன்றுமே செய்யவில்லை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தைத்தார். வாயில் குண்டூசி இருப்பதால் பேசவில்லை. வேலை மும்முரத்தில் கூண்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளிக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றினால் "ம்ம்" என்றார். கையை நீட்டவே இல்லை, ஏனென்றால் மனைவியின் கையைப் பார்த்தபிறகு அவருக்குக் கிளி என்றால் உள்ளூர பயம். பறவைக்காரர் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்துகொண்டிருந்தவர் அவர்தான். அது அவருக்கே தெரியாது.

ஒரு நாள் ஊசியம்மா வேலை முடிந்து வந்தபோது கூண்டுக் கதவு திறந்திருந்தது. காலையில் கிண்ணம் கழுவிய அவசரத்தில் அவளே சாத்த மறந்திருந்தாள். கிளி தையல்காரரின் தோளில் உட்கார்ந்து, காலரிலிருந்து பிரிந்த நூல் ஒன்றைச் சாவகாசமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?"

"ம்ம்."

"வாயில இருக்கறதை எடுத்துட்டுப் பேசுங்க."

அவர் தோளை அசைக்காமல் கையை மட்டும் தூக்கிக் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "நான் கூப்பிடவே இல்லம்மா. தானா நடந்து வந்துச்சு. மேசையில பட்டனை உருட்டி விளையாடுச்சு, அப்பறம் மேல ஏறிடுச்சு. அசைஞ்சா காதைக் கடிச்சிடுமோன்னு அப்படியே உக்காந்திருக்கேன். மத்தியானத்துலேர்ந்து பாத்ரூம்கூடப் போகல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அவளுக்கு வயிறுதான் எரிந்தது. அவள் ஒரு அடி எடுத்து வைத்ததும், கிளி அவர் கழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், அதனால் இன்னும் சுருக்கென்றது.

அதன்பிறகு எல்லாம் கிடுகிடுவென்று கைமீறிப் போயிற்று. அவள் 'செல்லம்' என்று பெயர் வைத்திருந்தாள். அவரோ, தோளில் உட்கார்ந்து தையலை மேற்பார்வை பார்க்கிறது என்று 'மேஸ்திரி' என்றார். கிளி செல்லத்துக்கு ஏறிட்டும் பார்க்கவில்லை, மேஸ்திரிக்குத் தலையைச் சாய்த்தது. மெஷின் ஓட ஆரம்பித்தால் கூண்டுக்குள் குதித்துக் குதித்துக் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தியது. துணி கொடுக்க வந்தவர்கள், "டெய்லர், உங்க கிளி ரொம்ப விசுவாசமா இருக்குதே" என்றார்கள். "எங்க வீட்டம்மா வாங்கினது" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் செய்தார். அப்படி அவர் பெருந்தன்மையாகச் சொன்னது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

மகள் இப்போது வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசினாள். "அப்பா, மேஸ்திரியைக் காட்டுங்க. ஐயோ, காலருக்குள்ள தலையை விட்டுட்டுத் தூங்குது பாருங்க!" போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஊசியம்மா. திரையில் அவளுடைய கட்டைவிரல் மட்டும் தெரிந்தது.

"அம்மா, விரலை எடும்மா, மறைக்குது."

எடுத்தாள்.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை. கட்டின கணவன்மேல், கைப்பிடி அளவு கிளிக்காக, காதில் புகை வருகிற அளவுக்குப் பொறாமை. பஸ்ஸில் நிற்கும்போது அதை நினைத்துக்கொண்டு ஸ்டாப்பைத் தவறவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நூல் வாங்கக் கடைக்குப் போன சமயம், அவருடைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கையை வெறும் தண்ணீரில் கழுவினாள். நாலைந்து குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, கூண்டைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி மெஷின்முன் உட்கார்ந்தாள். நல்லவேளை, அந்தக் கோலத்தை யாரும் பார்க்கவில்லை. மெஷினில் துணி வைக்காமலே பெடலை மிதித்தாள்.

கிளி வெளியே வந்தது. மேசை விளிம்பில் ஒரு அடி, இரண்டு அடி வைத்து நடந்தது. தலையைச் சாய்த்துச் சட்டையைப் பார்த்தது. இன்னும் கிட்டே வந்தது. முழங்கைக்குப் பக்கத்தில் அதன் நகம் மரத்தில் உரசுவது கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஏறியிருக்கும். சத்தியமாக ஏறியிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் லபக்கென்று பிடித்துப் பழகிய கை. அது அவளைக் கேட்காமலேயே போய்ப் பிடித்துவிட்டது.

கணவர் திரும்பி வந்தபோது கிளி அலமாரி மேலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் கையில் புதுக்கடி ஒன்று. "என்னாச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். அவர் அவள் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார்.

அதன்பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இவர் கண்முன்னால் இருக்கும்வரை அது தன்னிடம் வராது. இவர் கொஞ்ச நாள் இல்லாமல் இருந்தால்?

"பொண்ணு புது வீட்டுக்கு மாறியிருக்கா. ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கணும்னு சொல்லிட்டே இருக்கா. போயி ஒரு வாரம் இருந்துட்டு வாங்களேன்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "மேஸ்திரியை யார் பாத்துக்கறது?"

"ஏன், நான் மனுஷியாத் தெரியலயா? வாங்கினது யாரு?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவள் லேபில் லீவு சொல்லியிருந்தாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் வைத்தாள். மெஷின் அதன் கண்ணில் படக்கூடாது. அவருடைய சட்டைகளைக்கூட எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "இனிமே நீயும் நானும்தான்" என்று கிளியிடம் சொன்னாள். அதைக் கேட்டிருந்தால் உங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்கும்.

கிளி முதலில் கத்தியது. கதவையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் கத்துவதை நிறுத்தியது. தினை அப்படியே கிடந்தது, ஆப்பிள் கறுத்தது. 'கோவம், ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று அவள் நினைத்தாள். போனில் கணவர், "மேஸ்திரி சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"நல்லா சாப்பிடுது. உங்களைத் தேடவே இல்ல" என்றாள்.

"அப்படியா? சந்தோஷம்" என்றார். பின்னால் மகளின் சிரிப்பு கேட்டது. பொய் சொன்னது அவளுக்கு உறுத்தவே இல்லை. இனித்தது.

மறுநாள் காலையில் கிளி குச்சியில் இல்லை. கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் கையை உள்ளே விட்டாள். அது மூலைக்கு ஓடவில்லை. கடிக்கவில்லை. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாள், மெதுவாகச் சாய்ந்துகொண்டது. உள்ளங்கையில் ஏந்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அவள் கைச்சூட்டில் அப்படியே கிடந்தது.

"வந்துட்டியா!" என்றாள். "எங்கிட்டயும் வந்துட்டியா என் தங்கமே!"

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. கட்டைவிரலால் அதன் நெஞ்சைத் தடவியபோதுதான் கை நின்றது. நடு எலும்பு கத்தி முனையாய்த் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சதையே இல்லை. இது பழகி வந்த கிளி இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூலைக்கு ஓட அதற்குத் தெம்பில்லை.

கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பறவை டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் குஞ்சை எடை போட்டார், தொண்டைக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இடம் மாத்தினீங்களா?"

"இல்ல" என்றாள். அப்புறம், "ஆமா" என்றாள்.

"பழகின ஆள் யாராவது இல்லாமப் போனாங்களா?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே, "அனுப்பி வெச்சேன்" என்றாள்.

டாக்டர் அதற்குமேல் துருவவில்லை. "இந்த வயசுக் குஞ்சுங்க ஏங்கிப்போனா தானா சாப்பிடறதையே விட்டுடும், திரும்பக் கைக்குழந்தை ஆயிடும். வேளாவேளைக்கு ஊட்டித்தான் ஆகணும். குஞ்சுகளுக்கான மாவு தர்றேன், வெதுவெதுப்பாக் கரைச்சு ஊசியில்லாத சிரிஞ்சுல கொடுக்கணும். மூச்சுக்குழாய்க்குள்ள போயிடாமப் பாத்துக்கணும், போச்சுன்னா அவ்வளவுதான்." அவளுடைய வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்ப கவலையில்ல, கை நடுங்காது" என்றார். வாசல் வரைக்கும் வந்து இன்னொன்றும் சொன்னார். "பலவந்தமா ஊட்டற கையை இதுங்க லேசுல மறக்காது. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

அந்தக் கடைசி வார்த்தை வீடுவரைக்கும் அவள் கூடவே வந்தது. உடனே கணவருக்குப் போன் போட்டாள். கிளிக்கு உடம்பு முடியவில்லை, கிளம்பி வாருங்கள் என்றாள். அவசரத்துக்குத்தான் கூப்பிட்டாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடிமனசில் ஒரு கணக்கும் ஓடியது. அவரையே ஊட்டச் சொன்னால்? அந்த மறக்கமுடியாத கை அவருடைய கையாக இருந்துவிட்டுப் போகட்டுமே. அப்புறம் அது ஒளிந்துகொள்ள யாரிடம் வரும்?

அவர் வந்து சேரும்வரை அவளே ஊட்டினாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்ததும் சிரிஞ்சை நீட்டினாள்.

"நீங்களே ஊட்டுங்க. உங்ககிட்டதானே ஒட்டுதல்?"

அவர் கிளியைத் துண்டில் சுற்றி எடுத்தார். கை உதறியது. மூக்கில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம் என்று மாவு வழிந்தது. சிரிஞ்சை நேராகத் தொண்டையைப் பார்த்துப் பிடித்தார். கிளி இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போட்ட கணக்கெல்லாம் போன இடம் தெரியவில்லை. "குடுங்க இப்படி!" என்று பிடுங்கினாள். நெஞ்சை அழுத்தாமல் தலையை மட்டும் இரண்டு விரலில் நிறுத்தி, அலகின் இடது ஓரமாக நுழைத்து வலது பக்கம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. தீனிப்பை மெல்ல உப்பியது. ஈரப்பஞ்சால் மூக்கைத் துடைத்துத் துண்டைத் தளர்த்தினாள். கிளி அவள் கையிலிருந்து திமிறி, தடுமாறி, அவர் சட்டையைப் பற்றி ஏறிக் கழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அவர், "ஒண்ணுமில்ல மேஸ்திரி, ஒண்ணுமில்ல" என்று அதைத் தட்டிக் கொடுத்தார்.

அவ்வளவுதான். அவள் அடுப்படிக்குப் போய் சிரிஞ்சைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விட்டெறிந்தாள்.

"இப்படித்தான்! அன்னிலேர்ந்து இப்படித்தான்! பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தா ஊசி போட்டது நான். மருந்தை மூக்கைப் புடிச்சு ஊத்தினது நான். அவ கத்த ஆரம்பிச்சதும் 'என்னால பாக்க முடியாது'ன்னு நீங்க வெளிய போயிடுவீங்க. எல்லாம் முடிஞ்சதும் உள்ள வந்து 'வாடி கண்ணு'ன்னு தூக்கிப்பீங்க. அவளுக்கு நான் பேய், நீங்க சாமி! ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அவ கையை நீங்க புடிச்சிருக்கீங்களா?"

அவர் அடுப்படி வாசலில் நின்றார். வாயில் குண்டூசி எதுவும் இல்லை. ஆனாலும் பேசவில்லை.

"உங்களை ஊருக்கு அனுப்பினதும் பொறாமையிலதான். கூண்டைப் படுக்கையறைக்கு மாத்தினதும் நான்தான். சாப்பிடுதுன்னு சொன்னது பொய். போதுமா?"

"கொன்னிருப்பியே" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. கிளியைத் தோளில் வைத்தபடியே போய்க் கூண்டைத் தூக்கி வந்து மெஷின் பக்கத்தில் பழைய இடத்தில் வைத்தார். மத்தியானம்வரை மெஷின் ஓடவில்லை.

அடுத்த வேளைக்கு அவள் மாவைக் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் துண்டோடு வந்தார்.

"நான் புடிச்சுக்கறேன். நீ குடு."

"வேணாம். உங்களையும் வெறுத்துடும். டாக்டர் சொன்னாரு."

"வெறுத்தா வெறுக்கட்டும்."

"விளையாடாதீங்க. அப்பறம் உங்ககிட்டயும் வராது."

"புடிக்கிறேன்னு சொல்றேன்ல" என்றார். அந்தக் குரலை அவள் அவரிடம் அதிகம் கேட்டதில்லை.

தோளில் இருந்த கிளியை அவரே எடுத்தார். துண்டால் மூடிச் சுற்றினார். கிளி அவரை நம்பிக்கொண்டுதான் இருந்தது, சிரிஞ்ச் அலகைத் தொடும்வரை. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தது. கழுத்தை வளைத்து அவர் கட்டைவிரலைக் கவ்வியது. அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, ஆனால் கையைத் தளர்த்தவில்லை. திரும்பிக்கொள்ளவும் இல்லை. "ஊத்தும்மா" என்றார். அவள் ஊற்றினாள்.

வேளாவேளைக்கு அப்படியே நடந்தது. சிரிஞ்ச் அவள் கையில், துண்டு அவர் கையில். கிளி பிழைத்துக்கொண்டது. நெஞ்செலும்புக்கு இரண்டு பக்கமும் சதை வைத்தது. ஒரு காலையில் கூண்டிலிருந்து 'பட் பட்' என்று தினை உடைக்கிற சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து அவளும் மெஷினிலிருந்து அவரும் ஒரே நேரத்தில் ஓடிவந்து, கூண்டுமுன் இடித்துக்கொண்டு நின்றார்கள். இனி ஊட்டவேண்டாம், பழையபடி கூண்டைத் திறந்து வெளியே விடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் முகம் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு மெஷின்முன் உட்கார்ந்தார். பெண் பார்க்க வருகிறார்களா என்று கேட்கலாம்போல இருந்தது அவளுக்கு. கூண்டைத் திறந்துவிட்டு, எப்போதும்போல முதுகைக் காட்டிக்கொண்டு பெடலை மிதித்தார். தோள் மட்டும் லேசாக உயர்ந்து காத்துக்கொண்டிருந்தது. அவள் கதவோரம் நின்றாள்.

கிளி வெளியே வந்தது. மேசை விளிம்பில் நின்று அவர் தோளைப் பார்த்தது. பிறகு சட்டென்று அவர் காதோரமாகப் பறந்து போய், ஜன்னல் திரைக்கம்பியில் உட்கார்ந்து, இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

பெடல் நின்றது. "மேஸ்திரி" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. "ம்ம்" என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் இல்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

இந்தக் காட்சிக்காகத்தான் அவள் எத்தனையோ நாள் ஏங்கியிருந்தாள். முதலில் இனிக்கத்தான் செய்தது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்த இனிப்பு நாக்கிலிருந்து தொண்டைக்குள் இறங்கவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

அவர் கட்டைவிரலை ஒருதரம் பார்த்தார். அவள் கேட்டது அதை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "ரொம்ப" என்றார்.

"எனக்கு இருபத்தஞ்சு வருஷமா."

அவர் மெஷின்மேல் கிடந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பவே புடிச்சிருக்கணும்" என்றார் கடைசியில். "பயந்துட்டேன். அவ என்னையும் அப்படிப் பாத்துடுவாளோன்னு."

அவள் அழவில்லை. காலியாகக் கிடந்த அந்தத் தோளில் கையை வைத்தாள். லபக்கென்று அல்ல. வைத்து, அப்படியே விட்டுவிட்டாள். தோள் மெல்லத் தளர்ந்து அவள் கைக்குள் இறங்கியது.

திரைக்கம்பியில் நகம் உரசியது. மேஸ்திரி திரும்பிப் பார்த்தது. தன்னுடைய இடத்தில் வேறொரு கை இருப்பதைப் பார்த்தது. கழுத்தை நீட்டி, இறகையெல்லாம் உதறிக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்த ஆரம்பித்தது.

"பாவம்மா" என்றார் அவர். "கையை எடேன், வந்தாலும் வரும்."

"கத்தட்டும்" என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.